கூடையில் ஒட்டிய மண்

பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். புருஷனின் கால் முறிந்தபோது சூளை முதலாளியிடம் பெரியக்கா வாங்கிய கடன். வாராவாரம் கூலியில் பிடித்தும் வட்டிதான் கழிந்தது, அசல் அசையவில்லை.

இன்று செங்கல் சுமக்கும் கூடையில் அவள் மண் சுமந்துகொண்டிருந்தாள். பொலபொலவென்ற கறுப்பு மண். சூளைக்குக் களிமண் தோண்டிவிட்டுக் கைகழுவிய பள்ளத்தில், பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து உண்டாக்கியது.

அந்தப் பக்கம் காய்கறிக் கடையே கிடையாது. ஒரு கட்டுக் கீரைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதற்காகத்தான் பள்ளத்தில் இறங்கினார்கள். முதல் தடவை பாத்தியைச் சேறாக்கி, மிதித்து, வழவழவென்று தட்டிவிட்டார்கள். செங்கல் அறுக்கிறவர்களுக்கு வேறென்ன தெரியும்? இரண்டு வெயிலில் இறுகிப்போனது. ஒரு விதை முளைக்கவில்லை.

"சுட்டு அடுக்குனா வீடாவது கட்டலாம்டி" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுக்காரி. வாய் ஓயாததால் அவளுக்கு வெடி என்று பெயர்.

பிறகுதான் மிதிக்காமல் இருக்கப் பழகினார்கள். சாம்பல், சாணி, சருகு என்று மூன்று வருஷம் கொட்டினார்கள். ஒருத்தி வெண்டை போடக் கற்றால் மறுநாள் எல்லார் கைக்கும் அது வந்துவிடும். பிள்ளைகளின் தட்டில் தினமும் காய் விழுந்தது.

போன வாரம் முதலாளி வந்து பள்ளத்தைக் காலி பண்ணச் சொன்னார்.

"நெலம் உங்களுது முதலாளி. மண்ணு நாங்க பண்ணது" என்றாள் பெரியக்கா.

"அப்ப மண்ணை மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போ."

அதைத்தான் செய்தார்கள். விடிந்ததிலிருந்து கூடை கூடையாக அள்ளி, சாலையோரக் கட்டாந்தரையில் குவித்தார்கள்.

மதியம் முதலாளியின் கார் வந்தது. பின்னாலேயே ஒரு லாரியும் மண் அள்ளும் எந்திரமும். டவுன் பங்களா ஒன்றில் புல்வெளி போடக் கறுப்பு மண் கேட்டிருக்கிறார்களாம், லாரிக்காரன் சொன்னான்.

"யாரைக் கேட்டு அள்ளுனீங்க?" என்றார் முதலாளி.

"நீங்கதான சொன்னீங்க!" என்றாள் பெரியக்கா.

"வெளையாட்டுக்குச் சொன்னா..."

"எங்க வயித்துலயா வெளையாட்டு?" வெடி பாய்ந்து வந்தாள்.

முதலாளி அவளைப் பார்க்கவே இல்லை. பெரியக்காவிடம் குரலைத் தணித்தார். "நீ சொன்னாத்தான் இவங்க கேப்பாங்க. நிறுத்தச் சொல்லு, உன் கடனைத் தள்ளிடறேன். இல்ல, இன்னைக்கே மொத்தத்தையும் வெச்சுட்டு வீட்டைக் காலி பண்ணு. அது சூளை வீடு, ஞாபகம் இருக்கட்டும்."

பெரியக்கா தலையிலிருந்த கூடையை இறக்கவில்லை. மற்றவர்கள் கூடையும் கையுமாக அவளையே பார்த்தார்கள்.

"லாரியில கொட்டித் தொலைக்கா" என்றாள் வெடி. "நடக்க முடியாத மனுசனை எந்தத் தெருவுல கொண்டுபோய்ப் படுக்க வெப்ப?"

எந்திரம் சாலையோரக் குவியலில் பல்லை இறக்கியது. கத்தரிச் செடி ஒன்று பிஞ்சோடு மேலே போயிற்று. பெரியக்கா லாரியின் பின்பலகைவரை நடந்து, கூடையைக் கவிழ்த்தாள்.

"அவ்வளவுதான். உன் கடன் தீந்துச்சு" என்றார் முதலாளி. அவள் திரும்பி நடந்தாள்.

"இந்தா, நில்லு. கூடை அடியில ஒட்டியிருக்கு பாரு. நல்லாத் தட்டிட்டுப் போ."

அவள் கூடையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள்.