மார்சியாலின் தலையணையில் இரண்டு சொட்டு

புதன்கிழமை சந்தையில் அர்லெத்தின் கடையைக் கடந்து போகிறவர்கள் எண்ணெய் வாங்குகிறார்களோ இல்லையோ, நின்று அவள் பேச்சைக் கேட்காமல் போவதில்லை. லாவெண்டர் எண்ணெயை வைத்து ஒரு வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று அவள் சொல்ல ஆரம்பித்தால் பக்கத்துப் பாலாடைக்கட்டிக் கடைக்காரர்கூடத் தராசை விட்டுவிட்டுக் காது கொடுப்பார். தரை கழுவும் வாளியில் கொஞ்சம் விட்டால் சமையலறையில் பூண்டு வாடை நிற்காது. கம்பளித் துணி வைக்கும் அலமாரியில் பஞ்சில் நனைத்து வைத்தால் அந்துப்பூச்சி வராது. சூடு பட்ட விரலைத் தண்ணீரில் வெகுநேரம் காட்டிவிட்டு அப்புறம் ஒரு சொட்டு தடவலாம். தேனீ கொட்டிய இடத்திலும் தடவலாம். தலைவலிக்கு நெற்றிப்பொட்டில் தேய்க்கலாம், கண்ணில் மட்டும் படக்கூடாது.

கடைசியாகத் தலையணைக்கு வருவாள். அதுதான் அவளுடைய துருப்புச்சீட்டு.

"எங்க வீட்டுக்காரர் கல்யாணம் ஆன புதுசுல ஆந்தை மாதிரி முழிச்சுக்கிட்டுக் கிடப்பாரு. தலையணையில ரெண்டு சொட்டு விட்டேன். அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் கட்டை மாதிரி தூங்கறாரு. நம்பலேன்னா அவரையே கேட்டுக்கங்க."

வண்டியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருக்கும் மார்சியால் தலையை ஆட்டுவார். எண்ணெய் அவருடையதுதான். வோந்தூ மலைக்கு எதிரே இருக்கும் மேட்டு நிலத்தில் அவர் பயிரிட்டு, தன் கொட்டகையிலேயே காய்ச்சி வடித்தது. அதிகம் பேசாத ஆள். அவர் தலையாட்டினால் போதும், குப்பிகள் கைமாறிவிடும்.

அந்தக் குளிர்காலத்தில் மார்சியாலுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்து எழுந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அர்லெத் நினைத்தாள். ஒரு நாள் மேல்தட்டிலிருந்து பெரிய எண்ணெய்ப் புட்டியை எடுக்கும்போது கை வழுக்கிற்று. கல்தரையில் விழுந்து சிதறியதில் வாசனை மூஞ்சியில் அறைந்தது. நாய் தும்மிக்கொண்டே வாசலுக்கு ஓடிற்று. அர்லெத் கண்ணைத் துடைத்துக்கொண்டு சன்னலைத் திறக்கப் போகும்போது மார்சியால் உள்ளே வந்தார். கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துத் தாண்டி வந்து மேசை முன்னால் உட்கார்ந்தார்.

"தண்ணி கொட்டிட்டியா? பாத்து நட. சூப் ஆச்சா?"

அர்லெத் சன்னலை விட்டுத் திரும்பினாள்.

"மார்சியால், உனக்கு எதுவும் வாசனை வரலையா?"

அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தரம் இழுத்தார். "காய்ச்சல்லருந்தே இப்படித்தான்" என்றார், மழை நின்றுவிட்டது என்று சொல்வதைப் போல. "சூப்பும் வெந்நீரும் ஒண்ணாத்தான் இருக்கு. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன்."

அவள் வருத்தப்படத்தான் செய்தாள். ஆனால் அர்லெத்துக்கு எதிலும் வருத்தத்துக்கு முன்னால் கேள்வி வந்துவிடும். மூக்கு வேலை செய்யாதவருக்குத் தலையணையில் எண்ணெய் எதற்கு? வீணாக்குவானேன் என்று அன்றிலிருந்து நிறுத்திவிட்டாள்.

நிறுத்திய முதல் இரவே அவளுக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் கை போட்டுப் பார்த்தால் படுக்கை காலி. காலையில் கேட்டதற்கு, தண்ணீர் குடிக்கப் போனதாக மார்சியால் சொன்னார். அடுத்த இரவும் காலி. அதற்கடுத்த இரவும். சந்தேகமே இல்லை, எண்ணெயை நிறுத்தியதும் பழைய தூக்கமின்மை திரும்பிவிட்டது என்று முடிவு கட்டினாள். மறுபடி இரண்டு சொட்டு விட்டாள். அன்று இரவு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. விடிந்து பார்த்தால் மார்சியால் பக்கத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

அர்லெத்துக்கு உடம்பே சிலிர்த்தது. மூக்குக்குத் தெரியாத வாசனைகூட மனிதனைத் தூங்க வைக்கிறதென்றால் இது சாதாரண சங்கதியா? ரொட்டி வாங்கப் போகுமுன் மருந்துக்கடைக்குப் போனாள். மருந்தாளுநர் மதாம் வியால் எதையும் சட்டென்று நம்பாமல் பாதிக் கண்ணால் பார்க்கிறவர். கடையில் வேறு யாரும் இல்லாததால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தோல் வழியா உள்ள போகுமோ, மதாம்?" என்றாள் அர்லெத். "மூச்சு வழியா ரத்தத்துல கலக்குமோ?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கும் தெரிஞ்சுக்க ஆசைதான்." மதாம் வியால் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் தூங்கினார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில பாக்கும்போது பக்கத்துல இருக்காரே."

"நடுவுல?"

"நடுவுல நான் எப்படிப் பாக்கறது, நான்தான் தூங்கிக்கிட்டு..."

மதாம் வியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கிளம்பும்போது மட்டும், "மூக்குக்குப் பயிற்சி கொடுக்கலாம், மதாம் அர்லெத். காரமான வாசனை நாலஞ்சு வெச்சுக்கிட்டுக் காலையிலயும் சாயங்காலமும் முகரச் சொல்லுங்க. சிலருக்குத் திரும்புது. பொறுமை வேணும்" என்றார்.

அர்லெத்தின் காதில் அது பாதிதான் விழுந்தது. மனசு வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அன்று படுக்கப் போகும்போது வழக்கம்போல் மார்சியாலின் தலையணையில் இரண்டு சொட்டு விட்டாள். விளக்கை அணைத்தபின் தன் மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சை அடைத்துக்கொண்டாள். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தாள். தூக்கம் வரவில்லை. ஒரு வண்டி தெருவில் போவது கேட்டது. வெகுநேரம் கழித்து மார்சியால் மெதுவாக எழுந்தார். பழகிய கையால் கால்சட்டையை எடுத்தார், காலணியைக் கையில் பிடித்துக்கொண்டார், கிறீச்சிடும் மூன்றாவது படியைத் தாண்டி இறங்கினார். இருட்டில் அந்தப் படியைத் தாண்டியது அவளுக்கு நெஞ்சில் தைத்தது. ஒரு நாள் இரண்டு நாள் இறங்கியவருக்கு அப்படித் தாண்ட வராது.

இன்னொரு பெண்ணோ என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்தது, கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தது. ஆனால் ஊரில் யார் என்று யோசித்தபோது ஒரு முகமும் பொருந்தவில்லை. விடிந்ததும் கொக்கியில் தொங்கிய அவர் மேல்சட்டையை எடுத்துப் பார்த்தாள். இரண்டு கைமுனையிலும் மாவு.

ரொட்டிக்கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்தாள். கடைக்காரர் ஒனொரேயின் மனைவி மகாலி, அவளோடு ஒரே பள்ளியில் படித்தவள், கல்லாவில் நின்றிருந்தாள்.

"மகாலி, ராத்திரி எங்க ஆளு இங்க வர்றாரா?"

மகாலி சில்லறையை எண்ணுவதை நிறுத்தினாள். "ஏன், இன்னைக்கு வரலையா? வந்தாரே."

"எத்தனை நாளா?"

"என்னடி கேக்கற. எங்க மாமனார் உலை பாத்த காலத்துலருந்து வர்றாரு." அவள் அர்லெத்தின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே. நீ சந்தையில அந்தத் தலையணைக் கதையைச் சொல்லும்போது வேடிக்கைக்குச் சொல்றேன்னுல்ல நெனச்சோம்."

"இங்க வந்து என்ன பண்ணுவாரு?"

"ஒனொரே மாவு பிசைவாரு, இவரு உருட்டிக் கொடுப்பாரு. ஃபுகாஸ் ரொட்டியில இலை நரம்பு மாதிரி கீறல் போடறது இவருதான்."

அர்லெத்துக்கு முகம் சூடேறிற்று. அந்த ஃபுகாஸைத்தான் வாரா வாரம் வாங்கிப்போய், 'எந்தக் குடிகாரன் கீறினானோ' என்று சொல்லிக்கொண்டே மார்சியாலுக்கு எதிரில் பிய்த்துத் தின்பாள். அவரும் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே தின்பார்.

மார்சியால் கொட்டகையில் காய்ச்சும் அண்டாவின் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்றாள்.

"ரொட்டிக்கடையிலருந்து வரேன்."

அவர் கை நின்றது. மூடியைக் கீழே வைத்தார்.

"எனக்குச் சின்ன வயசுலருந்தே ராத்தூக்கம் கெடையாது, அர்லெத். எங்கப்பாவுக்கும் கெடையாது. மத்தியானம் சாப்ட்டதும் வண்டியிலயே சாஞ்சு தூங்கிடுவேன். எனக்கு அது போதும்."

"அதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ மொத மொத எண்ணெய் விட்ட அன்னைக்கு, காலையில எழுந்ததும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு, 'தூங்கினியா'ன்னு கேட்ட. உன் கண்ணு ரெண்டும் அப்படி மின்னுச்சு. இல்லேன்னு சொல்ல வாய் வரல, ஆமான்னுட்டேன். அடுத்த நாளும் கேட்ட."

"வருஷக்கணக்கா தலையாட்டிருக்க. எத்தனை பேருக்கு நான் பொய் சொல்லிருக்கேன் தெரியுமா?"

"பொய்யில்லையே. எண்ணெய் வேலை செஞ்சுதே. ராத்திரி கட்டில்ல யாரோ கட்டை மாதிரி தூங்கத்தானே செஞ்சாங்க. குறட்டையோட."

அர்லெத்துக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளக் கூடாதென்று திரும்பிப் போக அடியெடுத்தவள், அவர் இன்னும் ஏதோ சொல்ல நிற்பதைப் பார்த்து நின்றாள்.

"இப்ப அங்கயும் பேருக்குத்தான் இருக்கேன்" என்றார் மார்சியால். "ரொட்டி வெந்த வாசனை எனக்குத்தான் மொதல்ல தெரியும். ஒனொரே என்னைத்தான் கேப்பான், எடுக்கலாமான்னு. காய்ச்சலுக்கப்பறம் ஒரு உலை ரொட்டியைக் கருக விட்டுட்டேன். பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன், தெரியல. அவன் ஒண்ணும் சொல்லல. ஆனா இப்பல்லாம் கேக்கறதில்ல."

காய்ச்சல் வந்த நாளிலிருந்து அவர் மூஞ்சி ஏன் அப்படித் தொங்கிக் கிடந்தது என்று அர்லெத்துக்கு அப்போதுதான் பிடிபட்டது. சூப்புக்காக என்று நினைத்திருந்தாள். எங்கே போகிறார் என்பதே தெரியாதவளுக்கு எது போயிற்று என்பது எப்படித் தெரியும்.

மறுநாள் காலையிலேயே சாப்பாட்டு மேசையில் கிண்ணங்கள் வந்தன. கிராம்பு, ஆரஞ்சுத் தோல், கசக்கிய தைம் இலை, காப்பித்தூள், ஒரு பஞ்சில் லாவெண்டர் எண்ணெய்.

"கண்ணை மூடு. ஒவ்வொண்ணா நீட்டுவேன். மோந்துட்டுச் சொல்லு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க, என் மூஞ்சியைப் பாத்துப் பதில் சொல்லக் கூடாது."

"கண்ணை மூடிட்டா எங்கருந்து மூஞ்சியைப் பாக்கறது?"

"உனக்கு மூடிக்கிட்டே தெரியும்."

ஒன்றும் தெரியவில்லை என்றார் மார்சியால். மாலையிலும் அதையே சொன்னார். குளிர் விட்டது, பாதாம் பூத்து உதிர்ந்தது, அவர் அதையேதான் சொன்னார். ஒவ்வொரு முறை 'ஒண்ணுமில்ல' என்று கேட்கும்போதும் அவளுக்கு ஏமாற்றம்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறார் என்ற ஒரு ஆறுதலும் கூடவே இருந்தது. அது அவளுக்கே புதிதாக இருந்தது.

தலையணைச் சொட்டு இப்போது அவள் பக்கத்துக்கு வந்திருந்தது. மார்சியால் காலணியைக் காலிலேயே போட்டுக்கொண்டு, மூன்றாவது படியை மிதித்துக் கிறீச்சிட வைத்துக்கொண்டே இறங்கிப் போனார். சந்தையில் அவள் பேச்சும் மாறியது. நீஸ் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், கணவனுக்குத் தூக்கமே இல்லை என்று குப்பியைக் கையில் எடுத்தாள்.

"வாங்கிட்டுப் போங்க" என்றாள் அர்லெத். "ஆனா ஒண்ணு, நீங்க நல்லாத் தூங்குவீங்க. அவரு தூங்கினாரான்னு மட்டும் அவர்கிட்ட ரெண்டு தடவை கேளுங்க."

பாலாடைக்கட்டிக் கடைக்காரர் சிரித்ததில் தராசு ஆடியது.

லாவெண்டர் மொட்டுவிட ஆரம்பித்த நாளில் ஒரு காலை, பஞ்சை மூக்கருகே நீட்டியதும் மார்சியால் தலையைப் பின்னுக்கு இழுத்தார். முகம் சுருங்கிற்று.

"சீ. என்ன இது?"

"நீயே சொல்லு."

"ரப்பர் எரியற மாதிரி. பழைய டயரை யாரோ கொளுத்திட்டாங்களா?" கண்ணைத் திறந்து பஞ்சைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இது நம்ம எண்ணெயா?"

அர்லெத் சமையல் அங்கியைக்கூடக் கழற்றாமல் மருந்துக்கடைக்கு ஓடினாள். மதாம் வியால் இந்தத் தடவை முழுக் கண்ணாலும் பார்த்தார். நல்லதுதான் என்றார். சிலருக்கு மூக்கு திரும்பும்போது இப்படித் தாறுமாறாகத்தான் திரும்புமாம். எப்போது நேராகும், முழுக்க நேராகுமா என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

அந்தக் கோடையில் மேட்டு நிலம் முழுவதும் ஊதாவாகப் பூத்தது. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் காரை நிறுத்திவிட்டு வரப்பில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார்கள். அவர்களுக்கு நடுவே, பூவுக்குச் சொந்தக்காரர் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு அறுவடை இயந்திரத்தை ஓட்டினார். வீட்டில் அர்லெத் தரை வாளியிலிருந்தும் அலமாரியிலிருந்தும் எண்ணெயை எடுத்துவிட்டாள். தலையணையிலிருந்தும் எடுக்க வேண்டியதாயிற்று. அவளுக்குத் தூக்கம் கெட்டது. சில இரவுகளில் அவளும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு ரொட்டிக்கடைக்குப் போனாள். அவள் போட்ட கீறல் மார்சியாலுடையதைவிடக் கோணலாக வந்தது. ஒனொரே அதைப் பார்த்துவிட்டு, புருஷனும் பெஞ்சாதியும் சேந்து என் கடையை மூடிடுவீங்க என்றார்.

காய்ச்சும் வேலை முடிகிற சமயத்தில் ஒரு மாலை, அண்டாவிலிருந்து கடைசி எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தபோது மார்சியால் மூக்குத் துணியைக் கீழே இறக்கினார். குனிந்து முகர்ந்தார்.

"டயர் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார். "இப்ப ஏதோ சோப்பு மாதிரி."

அர்லெத் கையிலிருந்த புனலைக் கீழே வைத்தாள்.

"என் மூஞ்சியைப் பாக்காத. எந்த சோப்பு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொரு தரம் மூச்சை இழுத்தார். அவள் காத்திருந்தாள்.