கேணல் வாசித்த பெயர்கள்

பேச்சுப்போட்டியில் பிள்ளை பேசுவது பிள்ளையின் சொந்தப் பேச்சு என்று ஒஸ்லோத் தமிழர் யாரும் நம்புவதில்லை. அம்மா எழுதுவாள், பிள்ளை பாடமாக்கும், அவ்வளவுதான். அதனால்தான் 2004 மார்ச்சில் குரோருட் மண்டபத்தில் சோபிகா மேடையேறியதும் சனமெல்லாம் அவளுடைய அம்மா வசந்தமலரைத் திரும்பிப் பார்த்தது.

பார்க்கட்டும் என்றுதான் வசந்தமலர் முன்வரிசையில் இருந்தாள். தலைமை நடுவர் பரமநாதனுக்காகவே எழுதிய பேச்சு அது. பதினாலு வருஷத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் இந்த மனிதர் இளைஞரைச் சண்டைக்கு அழைத்து மேடை மேடையாக முழங்கினார். அதைக் கேட்ட கிழமையே அவளுடைய தம்பி ரமணன் சண்டைக்குப் போனான், திரும்பி வரவில்லை. முழங்கியவர் விமானம் ஏறினார். இங்கே அவருக்கு மாலை, பொன்னாடை, நடுவர் நாற்காலி. தம்பியின் பெயரை அந்த வாய் ஒருதரமாவது சொல்லவேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

"படைத்தலைவர் கேணல் ஹல்வோர் ஸ்ட்ரான்ட்!" என்று சோபிகா தொடங்கினாள். "பத்து வயதில் நோர்வேயிலிருந்து அமெரிக்கா போன ஏழைச் சிறுவன். இரவல் புத்தகத்தில் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். அங்கே உள்நாட்டுப் போர் வந்தபோது தேவாலய வாசல்களில் பேசிப் பேசி நூறு இளைஞரைப் படைக்குச் சேர்த்தார். 'போங்கள்' என்று அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கவில்லை. 'வாருங்கள்' என்று முன்னால் நடந்தார். ஒரு கையை இழந்தார். அறுபத்திரண்டு பேர் மாண்டார்கள்."

பரமநாதனின் பேனை நின்றது.

"பிறகு அவர் சட்டசபைக்குத் தெரிவானார். முதல் நாள், பாராட்ட எழுந்தவர்களை இருத்திவிட்டு..."

பரமநாதனின் மேசையில் மணி அடித்தது. ஐந்து நிமிடத்துக்கு அடிக்கவேண்டிய மணி, மூன்றாம் நிமிடத்தில். பழக்கிய பிள்ளை, மணிக்குப் பயந்து "நன்றி, வணக்கம்" என்று இறங்கிவிட்டது.

வசந்தமலர் விடவில்லை. எழுந்தாள். மிச்சம் அவளுக்குப் பாடம்தானே.

"இருத்திவிட்டு, செத்த அறுபத்திரண்டு பேரின் பெயரையும் வாசித்தார். 'நான் பேசினேன், இவர்கள் போனார்கள்' என்றார்."

"தங்கச்சி, இது பிள்ளையளின்ரை போட்டி" என்று பரமநாதன் சிரிக்கப் பார்த்தார்.

"வெக்கம் கெட்ட வேலை! இருத்துங்கோ அவவை!" பின்வரிசையிலிருந்து சிறிதேவி கத்தினாள். தேநீர் ஊற்ற வந்த மனுசி.

"மம்மா, காணும், விடுங்கோ!" சோபிகா கையைப் பிடித்து இழுத்தாள்.

வசந்தமலர் அசையவில்லை. "மாஸ்ரர், நீங்களும் பேசினனீங்கள். என்ரை தம்பி ரமணன் போனவன். பதினேழு வயசு. அவன்ரை பேரை ஒருக்காச் சொல்லுங்கோ, நான் பேசாமல் கதிரையிலை இருக்கிறன்."

மறுப்பார், கத்துவார், ஆள்விட்டு வெளியே தள்ளுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். அவரோ கண்ணாடியைக் கழற்றி, உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"எந்த ஊர்க் கூட்டம், தங்கச்சி?"

 வசந்தமலர் தன் தம்பி ஒருவனுக்காகத்தான் அந்த மேடை போட்டார்கள் என்பதுபோல இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"அவ்வளவு ஊரோ?" என்றாள்.

பின்வரிசையில் கதிரை ஒன்று இழுபட்டது. சிறிதேவி எழுந்து நின்றாள். கத்திய குரல் இப்போது அவளிடம் இல்லை.

"எங்கட கரவெட்டியும் ஒண்டு, மாஸ்ரர். எங்கட வீட்டிலையும் ஒருத்தன் போனவன்."