தம்பியின் நொதி அளவு

1

இந்தக் கதை என் மைத்துனன் கேட்டு வாங்கியது. "மாமா, என்னைப் பத்தி எழுதுங்க. ஆனா பாவம் பாவம்னு எழுதிராதீங்க" என்றான். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கைப்பிரதியை முதலில் அவனிடம் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவன் கைவரிசை.

முதல் தொடக்கம்: 'பத்தொன்பது வயதில் அவனிடம் குரல்கள் பேசத் தொடங்கின, அன்றிலிருந்து...'

[பேசல மாமா. திட்டுச்சு.]

அந்த வாக்கியத்தை அத்தோடு கைவிட்டேன்.

2

உண்மையில் இது அவன் அக்காவின் கதை. அதாவது, என் மனைவியின் கதை. ஆய்வுக்கூடத்தில் நொதிகளை அளப்பது அவள் வேலை. மூளையில் ஒரு நரம்பு இன்னொன்றுக்குச் செய்தி சொல்ல ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும். வேலை முடிந்ததும் மிச்சத்தைச் சிதைத்து அப்புறப்படுத்துவதில் நொதிகளுக்கும் பங்கு உண்டு. தம்பிக்கு இருக்கும் மனச்சிதைவு நோயில் இந்தத் துப்புரவு பிசகுகிறதா? மூளையைத் திறந்து பார்க்க முடியாததால் ரத்தத்தில் தடம் தேடுகிறாள், பதினோரு வருடமாக.

[இன்னும் யாரும் முடிவா பதில் சொல்லலன்னு போடுங்க.]

போட்டாயிற்று.

ஊரார் ரத்தத்தையெல்லாம் அளந்தவள் தம்பியிடம் மட்டும் கேட்கவே இல்லை. அளவு பிசகியிருந்தால் அவனை ஒரு எண்ணாகப் பார்த்துவிடுவோமோ என்று பயம். சரியாக இருந்துவிட்டால்? அப்புறம் எதைக் குறை சொல்வது?

3

ஒரு நாள் காலையில் அவனே சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வந்து நின்றான்.

"எடு."

"உன்னை யாருடா வரச் சொன்னது?"

"எல்லார் ரத்தமும் வேணும், என்னோடது மட்டும் ஆகாதா?"

அக்கா ஊசியைத் தொடவில்லை. உடன் வேலை பார்க்கும் பெண்தான் ஊசி குத்தி எடுத்தாள். அக்கா பக்கத்து அறைக்குப் போய், சத்தம் கேட்காதபடி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

[இது எனக்குத் தெரியாதே மாமா.]

4

அந்தப் பெண்ணே அளந்து கொடுத்த முடிவு, ஒட்டிய உறைக்குள் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. நானும் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். 'காரணம் தெரிந்தது, புது மருந்து கிடைத்தது.' [புருடா.] 'அவள் உறையைக் கிழித்தெறிந்தாள்.' [அக்கா பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழிக்க மாட்டா.]

"பாரு, இல்லன்னா பாக்காம விடு. ஆனா பாத்தப்புறமும் என்கூட இதே மாதிரி சண்டை போடணும், அவ்வளவுதான்" என்றான் அவளிடம்.

"இதைவிட ஜாஸ்தியாவே போடுவேன்" என்றாள்.

இரண்டு பேரும் மேசையின் ஒரே பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பேனாவை மூடிவிட்டேன். உங்கள் வீடாக இருந்தால் உறையைப் பிரிப்பீர்களா? எதைச் செய்வீர்களோ, அதையே கடைசி வரியாக வைத்துக்கொள்ளுங்கள்.