இடக்கன்னத்துப் பொட்டு

மைப்பொட்டு இடக்கன்னத்தில் இருந்தால் லாஸ்யா, வலக்கன்னத்தில் இருந்தால் ஊர்வி. இரட்டையர் பிறந்த பதினோராம் நாள் ஹிமபிந்து செய்த ஏற்பாடு அது. திருஷ்டிக்கும் ஆயிற்று, அடையாளத்துக்கும் ஆயிற்று. குழந்தைகளுக்கு ஐந்தரை வயதாகியும் அவள் அதை விடவில்லை. பெற்ற தகப்பன் பணீந்திராவே கன்னத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவான் என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

பிந்துவுக்கு மட்டும் பொட்டு தேவையில்லை. இரண்டு பேரையும் ஒரு புது மனிதர் முன்னால் நிறுத்தினால் போதும். "உங்க சட்டையில ஏன் பறவை இருக்கு?" என்று கேட்கிறவள் லாஸ்யா. அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறவள் ஊர்வி. வீட்டுக்குள் ஊர்வியும் வாயாடிதான். வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும்.

அந்தப் பூட்டுதான் ஆறு மாதமாக பிந்துவின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், தெல்லாப்பூர் பக்கம், வானத்தைத் தொடுகிற அடுக்ககங்கள் முளைத்த வேகத்தில் சர்வதேசப் பள்ளிகளும் முளைத்திருந்தன. சர்வதேசம் என்றால் பத்து நாட்டுப் பிள்ளைகள் வந்து படிப்பார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆறு அடுக்ககப் பிள்ளைகள் படிப்பார்கள். ஆனால் அந்த ஆறு அடுக்ககங்களுக்குள் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்பது ஜாதகம் பார்ப்பதைவிடப் பெரிய விஷயம். மின்தூக்கியில் ஏறினால் அதே பேச்சு, நடைபாதையில் இறங்கினால் அதே பேச்சு.

முதலில் பார்த்த பள்ளி லாஸ்யாவை எடுத்துக்கொண்டு, "ஊர்விக்கு இன்னும் ஒரு வருடம் ஆகட்டும்" என்றது. இரண்டாவது பள்ளியும் ஒரு எழுத்து மாறாமல் அதையே சொன்னது. ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்த இரண்டில் ஒன்று மேல் வகுப்பு, ஒன்று கீழ் வகுப்பு. அப்புறம் ஆயுசுக்கும் ஊர்வியைப் பார்த்து, "நீ ஏன் ஒரு வருஷம் பின்னாடி?" என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பிந்து இடம் கொடுப்பதாக இல்லை. இரண்டு பள்ளிகளையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாவது, பாறைமேட்டின் மேல் இருந்த பள்ளி. முதல் வகுப்பில் சரியாக இரண்டு இடங்கள்தான் பாக்கி. அன்று வெள்ளிக்கிழமை; சாயங்காலம் பட்டியலை மூடுகிறார்கள். பெற்றோரிடம் பேசுவது போன வாரமே முடிந்துவிட்டது. இன்று பிள்ளைகளை மட்டும் ஒவ்வொருவராக உள்ளே அழைத்து இருபது நிமிடம் பேசிப் பார்ப்பார்கள். லாஸ்யாவுக்குப் பத்து மணி, ஊர்விக்குப் பத்தே முக்கால்.

காலையில் சுட்ட பெசரட்டுத் தோசையை லாஸ்யா இரண்டு தின்றாள். ஊர்வி ஒன்றைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வட்டமாக அடுக்கி வைத்தாள். காரில் வரும்போது பிந்து பின்னால் திரும்பி, "உன் பேர் என்னம்மான்னு கேப்பாங்க. என்ன சொல்லணும்?" என்றாள், பதினேழாவது தடவையாக.

"ஊர்வி," என்றாள் ஊர்வி.

"சத்தமா."

"அவ வீட்ல சத்தமாத்தான் பேசறா. விடு பிந்து," என்றான் பணீந்திரா. "நீ கேட்டுக் கேட்டே அவளுக்குக் காய்ச்சல் வந்துடும்."

"உங்களுக்கென்னங்க, வண்டிய நிறுத்திட்டு மடிக்கணினியத் திறந்துக்குவீங்க. உள்ள போய் நிக்கப்போறது நான்."

அவன் அப்படியே செய்தான். வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் புகுந்துவிட்டான்.

பிந்துவும் பிள்ளைகளும் பள்ளியின் வரவேற்புக் கூடத்தில் காத்திருந்தார்கள். பத்து மணிக்கு ஷிரீன் மேடம் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். சேர்க்கைக்குப் பொறுப்பானவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே கவுன் போட்டுட்டீங்க. நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"பொட்டு மேடம். இடது பக்கம்னா லாஸ்யா, வலது பக்கம்னா ஊர்வி."

"நல்ல ஏற்பாடா இருக்கே," என்று தாளில் குறித்துக்கொண்டு லாஸ்யாவின் கையைப் பிடித்தார். அறைக்குள் போகும் வரை லாஸ்யா அவருடைய வளையலைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே போனாள்.

இருபது நிமிடம் கழித்து அவள் புறங்கையில் தங்க நிற நட்சத்திரம் ஒன்றை ஒட்டிக்கொண்டு குதித்து வந்தாள். "அருமையான குழந்தை," என்றார் ஷிரீன். "பத்தே முக்காலுக்கு ஊர்விய அனுப்புங்க."

ஊர்வி என்ற பெயர் காதில் விழுந்ததும் துப்பட்டாவின் நுனி இறுகியது. பிந்து குனிந்து பார்த்தாள். பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது. இது பேசாது, உள்ளே போனால் அழக்கூட அழாது, தலையைக் குனிந்துகொண்டு இருபது நிமிடத்தையும் தின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து அவள் செய்ததை யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கை செய்தது. இரண்டு பிள்ளைகளையும் கழிப்பறைக்குள் அழைத்துப் போய்க் கதவைத் தாழிட்டாள். ஈரக் கைக்குட்டையால் லாஸ்யாவின் இடக்கன்னத்தைத் துடைத்தாள். கைப்பையிலிருந்த மைக்குச்சியை எடுத்து வலக்கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். ஊர்விக்கு வலப்பக்கம் துடைத்து இடப்பக்கம் வைத்தாள்.

"ஒரு ஆட்டம் ஆடப்போறோம்," என்றாள். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. "லாஸ்யா, நீ இன்னும் இருபது நிமிஷம் ஊர்வி. சரியா? டீச்சர்கிட்ட ஊர்வியா இருக்கணும். மூச்சு விடக் கூடாது."

"அப்ப இவ யாரு?"

"இவ லாஸ்யா."

"என் ஸ்டாரு?"

அது வேறு இருந்தது. பிந்து நட்சத்திரத்தை மெல்ல உரித்து ஊர்வியின் புறங்கையில் ஒட்டினாள். ஊர்வி கண்ணாடியில் தன் கன்னத்தை மட்டும் பார்த்தபடி நின்றாள்.

பத்தே முக்காலுக்கு வலக்கன்னப் பொட்டு அறைக்குள் போனது. ஷிரீன் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "வா ஊர்வி," என்றார். கதவு மூடியதும் பிந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று தன்னையே திட்டினாள். அடுத்த நொடியே, யாருக்கு என்ன நஷ்டம், உள்ளே போய்விட்டால் பிள்ளை தானாகப் பழகிக்கொள்வாள் என்று தனக்கே வக்காலத்து வாங்கினாள். கடிகாரம் நகரவில்லை.

கூடத்தின் மூலையில் பெரிய மீன்தொட்டி ஒன்று இருந்தது. ஆயா யாதம்மா மீனுக்கு இரை தூவிக்கொண்டிருந்தாள். ஊர்வி எப்போது துப்பட்டாவை விட்டாள், எப்போது அங்கே போனாள் என்று பிந்து கவனிக்கவில்லை.

"உன் பேரென்னடா கண்ணு?" என்று யாதம்மா கேட்டாள்.

பிந்து எழப்போனாள். வழக்கமாக அவள்தான் பதில் சொல்வாள். அதற்குள் ஊர்வி விரலால் தன் இடக்கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"லாஸ்யா," என்றாள். பளிச்சென்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "இந்தக் கறுப்பு மீன் ஏன் கல்லுக்குப் பின்னாடியே இருக்கு?"

"அது அப்படித்தான். கூச்சம்."

"கூச்சம் இல்ல. மத்ததுங்க இடிக்குது. நான் அப்பலேருந்து பாத்துட்டிருக்கேன். இந்த மஞ்ச மீன் மூணு தடவ இடிச்சுச்சு. நீங்க அந்தப் பக்கமா போட்டீங்கன்னா அது வந்து சாப்பிடும்."

"அட, வாயப் பாரு," என்று சிரித்த யாதம்மா அந்தப் பக்கம் இரையைத் தூவினாள். கறுப்பு மீன் வந்தது. ஊர்வி கைதட்டினாள்.

பிந்துவுக்கு முதலில் பூரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்து அந்தப் பூரிப்பை அப்படியே விழுங்கியது. இந்தப் பிள்ளையால் பேச முடியும். ஊர்வியாக இல்லாவிட்டால் பேச முடியும்.

கதவு திறந்தது. ஷிரீன் மேடத்தின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று புரிந்தது.

"சொல்றதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு," என்றார் தணிந்த குரலில். "ஊர்வி ஒரு வார்த்த பேசல. பேர் கேட்டாக்கூடத் தலைய நிமித்தல. பென்சிலத் தொடல. லாஸ்யாவுக்கு இடம் உறுதி. ஊர்விய அடுத்த வருஷம் பாக்கலாமே. நல்லா யோசிங்க, மூணு மணிக்குள்ள சொல்லிட்டாப் போதும்."

நன்றி சொன்னாளா என்றுகூடப் பிந்துவுக்கு நினைவில்லை. இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு காருக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, வலக்கன்னப் பொட்டுக்காரியைப் பிடித்தாள்.

"ஏண்டி பேசல? வாய் ஓயாம பேசுவியே, இன்னிக்கு என்னடி வந்துச்சு உனக்கு?"

லாஸ்யா புரியாமல் பார்த்தாள். "நீதானம்மா ஊர்வியா இருக்கச் சொன்ன. ஊர்வி பேச மாட்டாளே." பிறகு முகம் மலர்ந்தது. "டீச்சர் கேட்டதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் நான் சொல்லவே இல்ல. ஒரே ஒரு தடவ சிரிப்பு வந்துச்சு, அடக்கிட்டேன். நான் நல்லா பண்ணேன்ல?"

பணீந்திரா காதிலிருந்ததைக் கழற்றினான். பின்பார்வைக் கண்ணாடியில் இரண்டு பேரின் கன்னங்களையும் பார்த்தான். "பிந்து, என்ன நடந்துச்சு?"

அவள் சொன்னாள். பாதி சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சரி, மொதல்ல பொட்ட மாத்து," என்று மட்டும் சொன்னான்.

"என் ஸ்டாரக் குடு," என்று லாஸ்யா கையை நீட்டினாள்.

பிந்து கைக்குட்டையை நனைத்துக்கொண்டு ஊர்வியிடம் குனிந்தாள். ஊர்வி சட்டென்று உள்ளங்கையால் இடக்கன்னத்தை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்மா. இது இருக்கட்டும்."

"கைய எடும்மா. நீ ஊர்வி இல்ல?"

"நான் லாஸ்யாவாவே இருந்துடறேன்," என்றாள் பிள்ளை. அழவில்லை, பிடிவாதமும் இல்லை. யோசித்து முடிவு செய்தவளின் குரல். "ஊர்வியத்தான் எந்த ஸ்கூலும் எடுத்துக்க மாட்டேங்குதே. உனக்கும்தான் வேண்டாம்னு ஆயிடுச்சே."

பணீந்திராவின் மடிக்கணினியிலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மூடியை மூடினான்.

பிந்து அந்தச் சின்னக் கையைக் கன்னத்திலிருந்து எடுக்க முயலவில்லை. அதன் மேலேயே முத்தம் கொடுத்தாள். பிறகு லாஸ்யாவின் கன்னத்தைச் சுத்தமாகத் துடைத்தாள். ஊர்வி தானாகக் கையை எடுத்தபோது அவள் கன்னத்தையும் துடைத்தாள். மைக்குச்சியை வெளியே எடுக்கவில்லை. கார்க் கதவைத் திறந்தாள்.

"எங்க போற?" என்றான் பணீந்திரா.

"மேடத்துக்கிட்ட சொல்லிட்டு வரேன்."

"லாஸ்யாவுக்குக் கெடச்ச எடமும் போயிடும் பிந்து."

"தெரியும்," என்றாள். அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு அவனும் இறங்கி லாஸ்யாவைத் தூக்கிக்கொண்டான்.

ஷிரீன் மேடத்தின் மேசை முன்னால் நாலு பேரும் நின்றார்கள். பொட்டில்லாத இரண்டு முகங்களையும் பார்த்து அவர் குழம்பினார். பிந்து உட்காராமலே பேசினாள். "மேடம், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ரெண்டு தடவையும் உங்ககிட்ட வந்தது லாஸ்யாதான். பொட்ட மாத்தி வெச்சு அனுப்பினது நான். புள்ளைங்க மேல தப்பில்ல."

ஷிரீனின் முகம் இறுகியது. பேனாவை மூடி வைத்தார். தாளில் குறித்திருந்ததைத் திரும்ப ஒருமுறை படித்தார். இரண்டும் போயிற்று என்று பிந்து நினைத்தாள்.

"யாதம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னா," என்றார் ஷிரீன் கடைசியாக. "ஒரு பாப்பா மீனுக்கு எந்தப் பக்கம் இரை போடணும்னு பாடம் எடுத்தான்னு. லாஸ்யான்னு பேர் சொன்னாளாம். லாஸ்யா அப்ப உள்ள என்னோட இருந்திருக்கா. அப்படின்னா, வெளிய பேசினது யாரு?"

பிந்து வாயைத் திறந்தாள். பழக்கம். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூடினாள். துப்பட்டாவின் நுனி இறுகியது, இன்னும் இறுகியது, பிறகு தளர்ந்தது.

"நான்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.