சித்தி இருக்கும் பக்கம்

ஜெராக்ஸ் கடைக்காரியின் மகள், கல்லீரல் மாற்றி வைத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, தன் சித்தி கண்டக்டராக வேலை செய்யும் பஸ் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் வயிற்றைத் திருப்பிக்கொண்டுதான் பகலில் தூங்கினாள். பஸ் மார்க்கெட்டைச் சுற்றினால் குழந்தையும் கட்டிலில் மெதுவாகச் சுற்றுவாள். பஸ் சிக்னலில் நின்றால் இவளும் அப்படியே நின்றுவிடுவாள். தெருக்காரர்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள், பிறகு பழகிப்போனார்கள். கடைக்கு எதிர் நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "பாப்பா எந்தப் பக்கம் திரும்பியிருக்கு? பஸ் கிளம்பிடுச்சா?" என்று கேட்கும் அளவுக்கு அது சாதாரணமாகிவிட்டது. கடைக்காரி ஜெராக்ஸ் மிஷின் மூடியை டமாரென்று சாத்துவாள்.

பித்தம் இறங்கும் குழாய் அடைபட்டே பிறந்த குழந்தை அது. உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து வயிறு ஊதிக்கொண்டே போனபோது, என் கல்லீரலை வெட்டிக்கொடுங்கள் என்று முதலில் போய் நின்றவள் தாய்தான். தகப்பனின் ரத்த வகை சேரவில்லை. தாயைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுடைய கல்லீரலின் இடது பக்கத்து ரத்தக்குழாய், ஒழுங்காக ஒரே குழாயாக வராமல், சின்னச் சின்னதாகப் பிரிந்து ஆளுக்கொரு வழியாகப் போயிருந்தது. அறுவை டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "இதை வெட்டி எடுத்துக் குழந்தைக்குள்ள தைக்கிறது ரொம்ப ஆபத்தும்மா. உங்க தங்கச்சியோடதைப் பாருங்க, ஒரே குழாய், நல்ல அகலம்." தங்கச்சி டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தாள். "எடுத்துக்கோங்க டாக்டர், எனக்கு எதுக்கு அவ்வளவு?" என்று சிரித்தாள்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி தங்கைக்கு, கணக்குப் பரீட்சையில் முழு மார்க் தங்கைக்கு, எதையும் கஷ்டப்படாமல் கொடுத்துவிட்டுப் போகும் மனசும் தங்கைக்கு. கல்லீரலுக்குள்ளே கூட நேர்வழி அவளுக்குத்தான் போட்டிருந்தது. வேறு யாராவது என்றால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருக்கலாம். பெற்ற பிள்ளையின் உயிரைக் கொடுத்தவளைத் திட்ட முடியுமா? நன்றி சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதாலேயே கடைக்காரிக்கு வயிற்றெரிச்சல் இரட்டிப்பானது.

டாக்டரம்மா அந்த வேலையைப் பிரமாதமாகத்தான் செய்திருந்தார். குழந்தையின் பெரிய ரத்தக்குழாயில் கல்லீரல் வந்து சேரும் மூன்று சிறிய வாய்களையும் ஒன்றாக வெட்டித் திறந்து, அகலமான முக்கோணமாக்கி, சித்தியின் துண்டை அதில் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்திருந்தார். "உள்ள போற ரத்தம் தாராளமா வெளிய வந்து இதயத்துக்குப் போகணும். அந்த வாசல் மடங்கிச்சுன்னா கல்லீரல் வீங்கி, வயித்துல தண்ணி கோத்துக்கும்" என்று எச்சரித்துத்தான் அனுப்பினார். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. குழந்தை நடந்தாள், பேசினாள், தூக்கத்தில் பஸ்ஸோடு சுற்றினாள்.

ஒரு மதியம் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்த தாயின் கைக்குக் குழந்தை முதுகைக் காட்டித் திரும்பினாள். பஸ் அப்போதுதான் திருப்பம் கடந்திருக்க வேண்டும். கடைக்காரியால் தாங்க முடியவில்லை. இரண்டு பக்கமும் தலையணை வைத்து, நீளத் துண்டால் குழந்தையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். வலிக்காதபடி பதமாகத்தான் கட்டினாள். குழந்தை கூரைப் பக்கம் முகம் வைத்து மல்லாந்தபடி அசையாமல் தூங்கினாள். தினமும் அப்படியே கட்டினாள். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். ஆனால் உள்ளே இருந்த கல்லீரலுக்குத் துண்டும் தெரியாது தலையணையும் தெரியாது. உடம்பு திரும்பாததால் அது மட்டும் தனியாகத் திரும்பியது.

வயிறு மறுபடி ஊதியது. டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "யாரோ பிடிச்சுத் திருகின மாதிரி வாசல் சுருங்கிக் கிடக்கு" என்றார். உள்ளே பலூன் விட்டு விரித்தார்கள். விரித்தது மறுபடி சுருங்கியது. திறந்து, வேறு ரத்தக்குழாயை ஒட்டுப்போட்டு அகலப்படுத்துவதுதான் வழி என்றார்கள். அந்தக் குழாயைத் தன் தொடையிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள் தாய். இந்த முறை எல்லாம் பொருந்தியது.

அறுவைக்குப் போகுமுன் வராந்தாவில் தங்கையிடம் சொல்லிவிட்டாள். "நான்தான் கட்டிப்போட்டேன். அவ உன் பக்கம் திரும்பக் கூடாதுன்னு."

தங்கை முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. "உனக்கென்ன பைத்தியமா? அவ செத்துப்போயிருந்தா?" என்று கத்தினாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "தூங்கும்போதுதானேக்கா என் பக்கம் திரும்புறா. கண்ணைத் திறந்தா உன்னைத்தானே தேடுறா. எனக்கு எப்படி எரியும்னு நீ நினைச்சதே இல்லையா?"

அந்தப் பயத்துக்கு நடுவிலும் கடைக்காரிக்கு உள்ளுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஓடியது.

குழந்தை பிழைத்தாள். தன் குழாயும் உள்ளே இருக்கிறதே, இனி தன் பக்கமும் கொஞ்சம் திரும்புவாள் என்று தாய் நம்பியிருந்தாள். வீட்டுக்கு வந்த முதல் மதியமே குழந்தை பஸ் பக்கம் திரும்பினாள். ஏன் தன் பக்கம் திரும்பவில்லை என்று அடுத்த பரிசோதனையின்போது டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டாள். அவர் கேலி செய்யவில்லை. "உங்க குழாய் வெறும் வழிதாம்மா. ரத்தம் அது வழியாப் போகும், அங்க தங்காது" என்றார்.

கடைக்காரி வீட்டுக்கு வந்து கட்டிலைச் சுவரோரத்திலிருந்து இழுத்து அறை நடுவில் போட்டாள். மதியமானால் கடையைச் சாத்திவிட்டு, பஸ் இருக்கும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். குழந்தை திரும்பத் திரும்ப, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இவளும் கட்டிலைச் சுற்றினாள். சாப்பிட வந்த புருஷன், "என்னடி இது கூத்து?" என்று குறுக்கே நின்றான். "பஸ் திரும்புது, நகருங்க" என்று அவனைத் தள்ளினாள். குழந்தை வழக்கம்போலச் சித்தி இருக்கும் பக்கம் பார்த்தபடியே கண்ணைத் திறந்தாள். அந்தப் பக்கத்தில் அம்மாவின் முகம் இருந்தது.