ஒரே மாத்திரை, ஒரே திங்கட்கிழமை

மனித குல வரலாற்றையே திசைதிருப்பப் போகும் அந்த அறிவிப்பைப் பெரியப்பா, டீ டம்ளரைக் கீழே வைக்காமலே வெளியிட்டார்: வருகிற திங்கட்கிழமை காலை தங்கைக்காரி குணமடைகிறாள்.

காரணம் அசைக்க முடியாதது. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே மனச்சோர்வு, ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. அக்கா இரண்டே மாதத்தில் தையல் கடைக்குத் திரும்பிவிட்டாள். தங்கை அரை வருஷமாகப் படுக்கையில். மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவின் அகராதியில் இதற்குப் பெயர் காலதாமதம். கெடு விதித்தால் தீர்ந்தது.

இந்த நோய் ஒருத்தருக்கு வந்த அளவிலேயே இன்னொருத்தருக்கு வராது என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார்.

"அப்படிச் சொன்னாத்தானே நாம திரும்பத் திரும்பப் போவோம்?" என்று பெரியப்பா அவரைப் பதவிநீக்கம் செய்தார்.

சிரித்திருக்க வேண்டிய அக்கா நம்பினாள். ஆசை அப்படி. கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தைப்பார்கள். தொப்பைக்கார வாடிக்கையாளர் ஒருவர் தலை மறைந்ததும், அளவு கொடுக்கையில் அவர் செய்வதுபோலவே வயிற்றை எக்கிக் காட்டி அக்காவைத் தையல் பிசகவைப்பாள் தங்கை. இப்போது எதிரே உறை போட்ட மெஷின்தான். ஞாயிறு மாலை அக்கா உறையை எடுத்து, எண்ணெய் விட்டு, புது ஊசி மாட்டி, நூல் கோத்து வைத்தாள்.

திங்கள் காலை, கூடத்தில் பெரியப்பா தலைமையில் உறவினர்கள். அக்கா உள்ளே போனாள்.

"எழுந்திரிடி கழுதை. ஊரே வந்து உக்காந்திருக்கு."

"நீ எப்படிக்கா எழுந்திரிச்ச?"

அக்கா யோசித்தாள். "தெரியலடி. ஒருநாள் ரெண்டு காலையும் தரையில வெச்சேன். நின்னுட்டேன்."

"நானும் தினம் வெச்சுப் பாக்கறேன்க்கா."

இது அக்காவுக்குத் தெரியாது. தன்னிடம் வந்துபோன நோயைக் கொண்டே இவளையும் அளந்துகொண்டிருந்தாள்.

"உன் மெஷினுக்கு நூல்கூடக் கோத்துட்டேன்டி."

"ஓட்டணும்போல இருக்குக்கா. ரொம்ப இருக்கு." தங்கையின் விரல்கள் போர்வையை, மெஷினில் தைக்கும் துணிபோல முன்னே தள்ளின. "அந்தத் தொப்பைக்காரர் வர்றாரா?"

"ரெண்டு இஞ்ச் ஏறிட்டாரு."

தங்கையின் உதடு சிரிப்புக்குப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது.

கூடத்தில் பெரியப்பா தொண்டையைச் செருமினார். மன உறுதியில் தொடங்கிய உரை, தம்முடைய பணிக்காலச் சாதனைகள் வழியாக நன்றியுரையை எட்டியது. கைதட்டல் பலமாக இருந்தது.

தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கா தனியாகக் கடைக்குப் போனாள்.