எதிர்க்கடை எஞ்சின்

அதியமான்கோட்டை சர்வீஸ் ரோட்டில் எதிரும் புதிருமாக இரண்டு பழைய எஞ்சின் கடைகள். ஒன்று குப்புராஜுடையது. மற்றது உபைத்துடையது. குப்புராஜ் கடை வைத்து வெகுகாலம் ஆகிறது. உபைத் நேற்று வந்தவன். ஆனால் பழைய காருக்கு வேகமான எஞ்சின் மாற்ற வருகிற பெங்களூர், ஓசூர் ஆட்கள் வண்டியை நேராக உபைத் கடை முன்னால்தான் நிறுத்துகிறார்கள். எஞ்சினை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, ஓடவிட்டுக் காட்டி விற்பான் அவன். அந்த உறுமல் கேட்டால் குப்புராஜுக்குச் சோறு இறங்காது. மனிதருக்கு வேறு வியாதி கிடையாது, எதிர்க்கடைதான் வியாதி.

பொம்மிடியில் உடைப்புக்கு வந்த காரின் டர்போ எஞ்சினை உபைத் விலை பேசி வைத்திருக்கிறான், ஓசூர் அருள்குமார் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க வருகிறார் என்று டீக்கடையில் காதில் விழுந்தது. குப்புராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். கூடுதலாகக் கொடுத்து, அன்றே எஞ்சினை டெம்போவில் ஏற்றி வந்துவிட்டார். உபைத் முகம் போகிற போக்கைப் பார்க்க ஞாயிறு வரை காத்திருக்க முடியவில்லை அவரால்.

ஸ்டாண்டில் ஏற்றி பேட்டரி கொடுத்தார், பெட்ரோல் கொடுத்தார். எஞ்சின் வாயைத் திறக்கவில்லை. பழைய டீசல் எஞ்சின்களோடு காலம் தள்ளியவருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ரகத்துக்கு அதே காரின் கம்ப்யூட்டர் பெட்டியும் சாவியும் வேண்டும். உபைத் எஞ்சினைப் பேசி முடித்ததுமே அவை இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வான்; இதற்கும் அப்படித்தான் செய்திருந்தான். எஞ்சின் பிறகு நிதானமாக வரும்.

"ரோட்டத் தாண்டிப் போயி கேளுங்களேன். குடுக்காமயா போயிடுவாரு?" என்றாள் மனைவி மணிமேகலை.

"அவங்கிட்ட நான் கை நீட்டணுமா? எஞ்சின் துருப்புடிச்சே போவட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அருள்குமார் வந்தார். உபைத் அவரைக் கையோடு குப்புராஜ் கடைக்கே கூட்டிவந்துவிட்டான். கக்கத்தில் பெட்டி.

"எஞ்சின் உங்ககிட்ட இருக்குது, பெட்டி எங்கிட்ட இருக்குதுங்ணா. ஓட்டிக் காட்டிடலாம். வித்தா உங்க யாவாரந்தான்."

வந்த பார்ட்டி முன்னால் எப்படி மறுப்பது? குப்புராஜ் குனிந்து ஒயர்களை மாட்டினார். உபைத் சாவியைத் திருகினான். ஒரே திருகில் எஞ்சின் பிடித்துக்கொண்டு உறுமியது. இத்தனை நாளாக எதிர்ப்பக்கம் கேட்ட சத்தம் இப்போது அவர் கடைக்குள்ளேயே. குப்புராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பாய்னா பாய்தான்," என்று உபைத் தோளைத் தட்டிய அருள்குமார், கிரீஸ் கையோடு நின்ற குப்புராஜ் பக்கம் திரும்பினார். "நீங்க பாய்கிட்ட எத்தனை வருசமா வேலை பாக்கறீங்க?"

உபைத் பதறிப்போனான். "இது அண்ணன் கடைங்க. எஞ்சினும் அவருதுதான்."

குப்புராஜுக்குக் காது எரிந்தது. எட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினார்.

"இது விக்கறதுக்கில்லைங்க."

அருள்குமார் மன்னிப்புக் கேட்டும் அவர் மசியவில்லை.

"உன் பெட்டியக் கழட்டிக்க," என்றார் உபைத்திடம்.

"இருக்கட்டுங்ணா. அது இல்லாம இந்த எஞ்சின் யாருக்கு ஆவும்? அப்புறம் பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு அருள்குமாரோடு தன் கடைக்குப் போய்விட்டான்.

எஞ்சின், பெட்டி, சாவி எல்லாம் இப்போது குப்புராஜிடம். எதிரே அவர்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மனசும் அவனுக்கேதான் வாய்க்க வேண்டுமா என்று குப்புராஜுக்கு வயிறு எரிந்தது.